படத்தில் இல்லாத மெஷின்

எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த நோயும் இல்லாத ஒரே ஆள் அந்தக் கட்டடம்தான். நான் சொல்வது செங்கல் கட்டடத்தை அல்ல, வரவேற்பறை டிவியில் இருக்கும் கட்டடத்தை. நாள் முழுக்க அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூரையைக் கழற்றிக் காட்டும், சுவரை உரித்துக் காட்டும். உள்ளே ஓடும் குழாய், வயர், மோட்டார், ஏசி எல்லாம் பச்சைப் பசேலென்று தெரியும். பச்சை என்றால் பராமரித்தாகிவிட்டது, மஞ்சள் என்றால் தேதி நெருங்குகிறது, சிவப்பு என்றால் தேதி தாண்டிவிட்டது என்று அர்த்தம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சனங்கள் இருமிக்கொண்டே அதைப் பார்ப்பார்கள். சிவப்பை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பச்சைக்குப் பொறுப்பு நான். பெயர் சகாயசெல்வி. டிப்ளமோ படித்துவிட்டு இந்த ஆஸ்பத்திரியில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். மேற்பார்வை பார்க்க எனக்குக் கீழே பிளம்பர் மலைச்சாமி ஒருவன்தான் இருக்கிறான். அவனையும் பாதி நாள் டாக்டர் வீட்டுக் குழாயைப் பார்க்கக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். என் வீட்டுக்காரர் ஆண்டனிராஜ் இருபது வருடம் நிலக்கோட்டையிலிருந்து பூ வண்டி ஓட்டியவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஐந்தாம் எண் டயாலிசிஸ் மெஷினில், நாலு மணி நேரம் படுக்கிறார். ஊழியர் குடும்பம் என்பதால் கட்டணம் கிடையாது. நான் இங்கே இருக்கும்வரைதான் அந்தப் படுக்கை அவருக்கு. அதனால் இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

டிவிக் கட்டடம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் முதலாளி டாக்டர் காமராஜ் போன வருடம் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாநாட்டுக்குப் போய்வந்தால் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். இந்தத் தடவை அது இறங்கவே இல்லை.

"செல்வி, இனிமே எதுவும் கெட்டுப்போன பிறகு நாம ஓடக் கூடாது. கெடுறதுக்கு முன்னாடியே பார்த்துடணும். மொத்தக் கட்டடத்தையும் கம்ப்யூட்டர்ல கட்டிடலாம். எந்த மோட்டாருக்கு என்னைக்கு எண்ணெய் விடணும்னு அதுவே சொல்லும். தரச்சான்று கொடுக்க வர்றவங்க இதைப் பார்த்தா அசந்துடுவாங்க" என்றார்.

யோசனை நல்ல யோசனைதான். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கெட்டுப்போன பிறகு ஓடி ஓடி என் செருப்புத்தான் தேய்ந்திருந்தது.

கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து முகேஷ்குமார் என்ற இன்ஜினியர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட், எதற்கும் சிரித்த முகம். வந்ததும் பிளானைக் கேட்டார். கட்டடத்தை முதலில் ஒரு சுற்று பார்த்துவிடலாமா என்று கேட்டேன்.

"பிளான் இருந்தா போதும் மேடம். கட்டடத்தைப் பார்க்கணும்னு அவசியமே இல்ல" என்றார்.

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, அனுமதி வாங்கிய பிளான். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆபீஸில் கொடுக்க ஒரு பிளான், கட்டுவதற்கு ஒரு பிளான் என்று. முதல் பிளானை இன்ஜினியர் போடுவார். இரண்டாவது வாஸ்துக்காரர் வாயால் சொல்வது, கொத்தனார் மனசில் இருப்பது. அதற்குக் காகிதம் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரிக்கு அஸ்திவார வானம் தோண்டியபோது ஒட்டன்சத்திரத்திலிருந்து நாச்சிமுத்து என்ற வாஸ்துக்காரரை அழைத்து வந்திருக்கிறார்கள். தென்மேற்கில், அதாவது கன்னிமூலையில், தண்ணீர்த் தொட்டி தோண்டியிருப்பதைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துவிட்டாராம். அன்றைக்கே குழியை மூடி, தொட்டியை வடகிழக்கில், ஈசானிய மூலைக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் இப்போது கேன்டீன் சமையற்கட்டு இருக்கிறது. பிளானில் மட்டும் தொட்டி கன்னிமூலையிலேயே இருந்துவிட்டது.

முகேஷ்குமார் நாலு நாளில் பிளானைப் பார்த்து ஆஸ்பத்திரியைக் கட்டி முடித்தார். ஐந்தாம் நாள் ஸ்டிக்கர் கட்டோடு கிளம்பினார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர், ஒரு ஸ்டிக்கர். வேலை முடிந்ததும் அந்த ஸ்டிக்கரைக் கைபேசியில் காட்டினால் படத்தில் அந்தச் சாமான் பச்சையாகிவிடும். எதையாவது மாற்ற வேண்டுமானாலும் அந்த நம்பர் போட்டுத்தான் கேட்க வேண்டும். நம்பர் இல்லாததற்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்காது. படம் காட்டும் இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டே வந்தவர் கேன்டீன் சமையற்கட்டில் வந்து நின்றார்.

"மேடம், இங்க ஒரு தண்ணி மோட்டார் இருக்கணுமே?"

"இங்க வடைதான் இருக்கு" என்றேன்.

அவர் டேப்லட்டைப் பார்த்தார், வடைச்சட்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மோட்டாரின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு போய்விட்டார்.

அதன் பிறகு மாதாமாதம் மோட்டார் சர்வீஸ் தவறாமல் நடந்தது. எப்படி என்று மலைச்சாமியைக் கேட்டேன்.

"செஞ்சிட்டேன்க்கா. பத்தே முக்காலுக்கு டீ குடிக்கப் போனேன்ல, அப்பயே காட்டிட்டேன். பச்சையாயிருச்சு" என்றான்.

"ஏலே, மோட்டாரப் பாத்தியா?"

"மோட்டாரு அங்க இல்லைல. ஸ்டிக்கருதான இருக்கு. மாசாமாசம் பாருன்னு அது சொல்லுது, நானும் ஸ்டிக்கரப் பாக்குறேன். வடை மட்டும் நல்லாருக்கு."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நிஜ மோட்டார் வடகிழக்கில் டூவீலர் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. படத்தில் அந்த இடத்தில் பச்சைப் புல்தரை போட்டு, குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடந்து போவதாகக் காட்டியிருந்தார்கள். திண்டுக்கல் வெயிலில் அங்கே அருகம்புல்கூட முளைக்காது. புல்தரைக்கு எண்ணெய் விடச் சொல்லி எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லப்போவதில்லை.

டாக்டரிடம் போய் நின்றேன். படத்தைத் திருத்தச் சொல்லலாம் சார், தொட்டியும் மோட்டாரும் இடம் மாறியிருக்கிறது என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"திருத்தினா என்ன ஆகும் தெரியுமா? அனுமதி வாங்கின பிளான் வேற, கட்டினது வேறன்னு நாமளே கம்ப்யூட்டர்ல எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். நாளைக்கு எவனாவது மனுப் போட்டான்னா? அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். நீங்க நிஜ மோட்டாரைத் தனியா பார்த்துக்கோங்க."

"தனியா பாக்குறதுக்கு நம்பர் இல்லையே சார். ஏதாவது மாத்தணும்னா எந்த நம்பர்ல கேக்குறது?"

"கெட்டுப்போனா பார்த்துக்கலாம்" என்றார். கெடுவதற்கு முன்னால் பார்க்கத்தானே இத்தனையும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஐந்தாம் எண் படுக்கையை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

ஆடி மாதம் மோட்டார் முனக ஆரம்பித்தது. பேரிங் தேய்ந்துவிட்டது. மலைச்சாமி கிரீஸ் வைத்துப் பார்த்தான், இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி முனகியது. அந்த மோட்டார்தான் மேலே டயாலிசிஸுக்குப் போகும் ஆர்.ஓ. பிளான்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். எட்டு மெஷின், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். மோட்டார் நின்றால் கொஞ்ச நேரத்தில் எட்டு பேருக்கும் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும், அடுத்த ஷிப்டைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு தடவை தவறினால் ஆண்டனிராஜுக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு வாங்கும். அதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

புது மோட்டார் கேட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். நம்பர் கேட்டது. வேறு வழியில்லாமல் கேன்டீன் மோட்டாரின் நம்பரைப் போட்டேன். உடனே பதில் வந்துவிட்டது: இந்த மோட்டார் நல்ல நிலையில் உள்ளது, நான்கு நாட்களுக்கு முன் சர்வீஸ் செய்யப்பட்டது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. வடை சுடும் இடத்தில் இல்லாத மோட்டார் அத்தனை ஆரோக்கியமாக இருந்தது. சிவப்பாக மாற்ற அனுமதி கேட்டு மறுபடியும் டாக்டரிடம் போனேன். தரச்சான்றுக்காரர்கள் வந்துவிட்டுப் போகிறவரை திரையில் சிவப்பு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதலில் டூவீலர் ஷெட்டுக்குப் பின்னால் போய் மோட்டாரைக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. முனகல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று நின்று கேட்பேன். ஞாயிறு பூசையில் பலருக்கும் பல வேண்டுதல் இருக்கும். நான் ஒரு பேரிங்குக்காக ஜெபம் பண்ணினேன்.

ஜெபம் கேட்கப்பட்டது, ஆனால் சுற்று வழியாக. ஒரு நாள் டாக்டரம்மா, முதலாளியின் மனைவி, வரவேற்பறையில் யாருக்கோ காத்திருந்தவர் டிவியைப் பார்த்திருக்கிறார். படம் சுற்றி வந்து கன்னிமூலையை உரித்துக் காட்டியது. அங்கே நீல நிறத்தில் தண்ணீர் நிறைந்த தொட்டி. அந்தம்மா போட்ட சத்தத்தில் ஃபார்மசியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"கன்னிமூலையில தண்ணியா? அதான் நாலு மாசமா வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு! இவரு கையும் உடைஞ்சது, சின்னவனும் பரிட்சையில போயிட்டான்!"

அது வெறும் படம், தொட்டி அங்கே இல்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவர் குரலிலேயே உறுதி இல்லை. மறுநாள் காலை நாச்சிமுத்து வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் திசைகாட்டி, காய்கறி மார்க்கெட் வேலையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். டிவிக்கு முன்னால் நின்று படம் ஒரு முழுச் சுற்று வருகிறவரை பார்த்தார்.

"ஏனுங்க டாக்டர், இதை இத்தன நாளா எல்லாத்துக்கும் காட்டிட்டிருக்கீங்களா?"

"படந்தானுங்களே" என்றார் டாக்டர். அவருக்கே கொங்குப் பேச்சு தொற்றிக்கொண்டது.

"படத்துல இருந்தாலும் தண்ணி தண்ணிதானுங்க. சாமி படத்துக்குச் சூடம் காட்டுறமில்லீங்களா? படம்னு வுட்டுடறமா? கட்டடத்துல இருக்கற தோசத்த எடுத்துப்போட்டோம், படத்துல இருக்கறதையும் எடுத்துப்போடோணுமுங்க."

அடுத்த பத்தாவது நிமிடம் முகேஷ்குமார் போனில் இருந்தார். நான் மூன்று மாதம் கெஞ்சியும் நகராத தொட்டியும் மோட்டாரும் ஒரு வாஸ்துக்காரர் சொன்னதும் தென்மேற்கிலிருந்து பறந்து வடகிழக்கில் போய் உட்கார்ந்தன. மனுப் போடுவான் என்ற பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. புல்தரைப் பெண்ணைக் குடையோடு தள்ளி நிறுத்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைசியில் நிஜ மோட்டாருக்கு ஒரு நம்பர் கிடைத்துவிட்டது.

ஓடிப் போய் மறுபடியும் கோரிக்கை போட்டேன். அதே பதில்தான். நல்ல நிலையில் உள்ளது, சமீபத்தில் சர்வீஸ் செய்யப்பட்டது, ஏற்கப்படவில்லை. போனில் முகேஷ்குமார் விளக்கினார். "இடத்தை மட்டும்தான் மேடம் மாத்தினோம். அதோட வரலாறு அதுகூடவே வந்துடும்." கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே மலைச்சாமி பார்த்த அத்தனை சர்வீஸும் இப்போது நிஜ மோட்டாரின் பேரில் ஏறிவிட்டது. எல்லாவற்றுக்கும் கீழே சரிபார்த்தவர் சகாயசெல்வி என்று என் பெயர். இதுவரை அந்த மோட்டார் நின்றால் அது யாருக்கும் தெரியாத மோட்டார். இனிமேல் நின்றால், ஒழுங்காகப் பார்த்ததாக நான் பொய் எழுதிய மோட்டார். வேலை போகும், கூடவே படுக்கையும் போகும். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பயம் வந்ததும் புத்தியும் வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் யார் சொன்னால் வேலை நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் நான்தான் மடச்சி. நாச்சிமுத்து போகும்போது எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு கொடுத்திருந்தார். போன் போட்டேன்.

"ஐயா, ஈசானிய மூலையில இருக்குற மோட்டாரு முனகிக்கிட்டே இருக்குங்க. அது நல்லதா கெட்டதான்னு கேக்கலாம்னுதான்."

"முனகுதுங்களா? எத்தன நாளாங்க?"

"நாப்பது நாளா."

"நாளைக்கு வர்றேனுங்க" என்றார்.

வந்தவர் நேராக டூவீலர் ஷெட்டுக்குப் பின்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். இத்தனை ஸ்டிக்கர் ஒட்டி, இத்தனை பச்சை காட்டி, இந்த மோட்டாரைக் குனிந்து தொட்டுப் பார்த்த முதல் பெரிய மனிதர் அவர்தான். எனக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது.

"இது அழுவுதுங்க டாக்டர். சூடு வேற அடிக்குது. ஈசானியத்துல அழுகைச் சத்தம் கேக்கவே கூடாதுங்க. புதுசு போட்ருங்க."

"ஒண்ணு போதுமா, ரெண்டா போடணுமா ஐயா?" என்று நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

அவர் யோசித்தார். "ஒத்தையா இருக்கறதவிட ஜோடியா இருந்தா விசேசமுங்க."

அன்று சாயங்காலமே இரண்டு புது மோட்டார் வந்து இறங்கியது. நம்பரும் இல்லை, கோரிக்கையும் இல்லை. ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும். இன்ஜினியரிங்கில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, வாஸ்துவில் அதற்கு ஜோடி என்று பெயர். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். அவரும் போன வருடம் பங்கு மண்டபத்தின் வாசலை மாற்றிக் கட்டியவர் என்பது ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன்.

அதோடு நாச்சிமுத்துவை பஸ் ஏற்றி விட்டிருக்க வேண்டும். வந்தது வந்தேன், மேலேயும் ஒரு சுற்று பார்த்துவிடுகிறேன் என்றார். டாக்டர் முன்னால் போக, அவர் திசைகாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போக, நான் கடைசியில் போனேன். டயாலிசிஸ் வார்டில் நுழைந்ததும் தென்கிழக்கு மூலையில் போய் நின்றுவிட்டார். அது ஐந்தாம் எண். அன்று புதன்கிழமை. ஆண்டனிராஜ் கையில் இரண்டு குழாயோடு படுத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த மெஷினு தண்ணியில ஓடறதுங்களா?"

"ஆமா" என்றார் டாக்டர்.

"இது அக்கினி மூலைங்க. நெருப்பு மேல தண்ணிய வெச்சிருக்கீங்க. இது இங்க ஆகாதுங்க, எடுத்துப்போட்ருங்க."

வேறு இடத்துக்கு நகர்த்த வழியில்லை. குழாய் வசதி எட்டு இடத்துக்குத்தான் இருக்கிறது. எடுத்தால் ஏழுதான் மிஞ்சும். மூன்று ஷிப்டும் நிரம்பி வழிகிறது, ஐந்தாம் எண்ணில் இருப்பவர்களுக்கு வேறு மெஷினில் இடமில்லை. கட்டணம் இல்லாமல் படுத்திருப்பவர் வார்டிலேயே ஒருவர்தான். முதலில் யாரை வெளியே அனுப்புவார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நானே போன் போட்டு, நானே வரவழைத்து, நானே பேச்சைக் கேட்க வைத்த ஆள். இப்போது இவர் சொல்வதெல்லாம் கதை சார் என்று எந்த வாயால் சொல்வேன்?

காலில் விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போதுதான் அவர் சொன்ன சாமி படம் ஞாபகம் வந்தது.

"ஐயா, படமும் கட்டடமும் ஒண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க. படத்துல தண்ணி இருந்தா அதுவும் தோசம்னா, படத்துல எடுத்துட்டா தோசமும் போகணும்ல?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். கெட்டிக்காரர், நான் எங்கே வருகிறேன் என்று புரிந்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன சொல்லை அவரே மறுக்க முடியாது.

"படத்துல எடுத்தா பாதி தோசம் போகுமுங்க" என்றார் கடைசியில்.

"பாதி போதும்" என்றார் டாக்டர் அவசரமாக. ஒரு மெஷினைச் சும்மா நிறுத்த அவருக்கும் மனசில்லை. "மீதிக்கு?"

"மீதிக்கு இந்த மூலையில ஒரு செவப்பு பல்பு எரியட்டுமுங்க. அக்கினிக்கு அக்கினி."

அன்றைக்கே மலைச்சாமி ஐந்தாம் எண்ணுக்கு மேலே சிவப்பு பல்பு மாட்டினான். முகேஷ்குமாரிடம் படத்திலிருந்து மெஷினை எடுக்கச் சொன்னோம். மறைக்கணுமா, அழிக்கணுமா என்று கேட்டார். மறைத்தால் போதும் என்று நான் சொல்வதற்குள் டாக்டர் அழிக்கச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் தரச்சான்றுக்காரர்கள் வந்து, டிவிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, டயாலிசிஸ் பிரிவில் ஏழு மெஷினும் மிகச் சிறப்பான பராமரிப்பில் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

போன வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் மெஷின் கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஃபில்டரை மாற்றி, உள்ளே சோதித்துவிட்டுப் போக வேண்டும். காலை ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் நடுவில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று செய்துகொண்டே போனவர் அடுத்து ஆறாம் எண்ணுக்குப் போனார். எட்டு முடிந்ததும் பெட்டியை மூடினார்.

"சார், அஞ்சு பாக்கலையே" என்றேன்.

"லிஸ்ட்ல ஏழுதான் மேடம் வந்திருக்கு." கைபேசியைக் காட்டினார். எங்கள் படத்திலிருந்து போன பட்டியல்.

"எதுத்தாப்புல நிக்குதே, கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது மேடம். ஆனா லிஸ்ட்ல இல்லாத மெஷினுக்கு ஃபில்டர் போட்டா நான் கம்பெனியில என்னன்னு எழுதுறது?"

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். சத்தம் போட்டேன், பிறகு கெஞ்சினேன், பிறகு வடை வாங்கிக் கொடுத்தேன். பையிலிருந்து எக்ஸ்ட்ரா ஃபில்டர் ஒன்றை எடுத்து எதிலும் எழுதாமல் போட்டுவிட்டு, அடுத்த தடவை இப்படி முடியாது மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் ஜீவிதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"அக்கா, அடுத்த தடவைல இருந்து அண்ணன மூணாம் நம்பருக்கு மாத்திரவா? மூணுல இருக்குற சின்னக்கண்ணு ஐயாவ இங்க போட்டுக்கிறலாம். அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. யாருக்கும் தெரியாது."

சின்னக்கண்ணு பாலசமுத்திரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். வந்ததும் செருப்பை வார்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே வருவார். எந்த மெஷினில் படுக்கச் சொன்னாலும் படுப்பார். நான் பொய் சொல்லப்போவதில்லை, சரி மாத்திரு என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனேன்.

அப்போது மதிய ஷிப்ட் தொடங்கிவிட்டது. ஆண்டனிராஜ் சிவப்பு வெளிச்சத்தில் படுத்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நான் மூணுக்குப் போயிட்டா இதுக்கு எப்ப ஃபில்டரு மாத்தணும்னு ஒனக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்."

"இருக்காது புள்ள. ரெண்டு மாசம் இருக்கும். பெறகு ஒனக்கு ஆயிரம் சோலி." தலையணையில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். "எங்க ஓனரு எட்டு வண்டி வச்சிருந்தாரு. ஒண்ணுக்கும் பிரேக்கு பாக்க மாட்டாரு. அவரு மகன் ஒரு வண்டிய ஓட்ட ஆரம்பிச்சான். அன்னைல இருந்து அந்த வண்டிக்கு மட்டும் வாரா வாரம் பாப்பாரு. அந்த வண்டிதான் ஒருநாளும் வழியில நின்னதில்ல. நான் இதுலயே படுத்துக்கிறேன். நீ மறக்க மாட்ட."

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஊருக்கெல்லாம் நல்லவனாக இருக்க வேண்டுமென்று இந்த மனுசனுக்கு என்ன வேண்டுதலா? ஒரு தடவை ஃபில்டர் தவறினால் ரத்தத்தில் என்ன கலக்கும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அழுகையும் வந்தது. நர்ஸ்கள் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது, அதனால் போர்வையை இழுத்து அவர் காலில் சரியாகப் போர்த்தினேன். அடுத்த ஃபில்டர் தேதியைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

பிறகு ஜீவிதாவிடம் போய் யாரையும் மாற்ற வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அடுத்த ஃபில்டர் தேதியை அவளிடமும் சொன்னேன். சின்னக்கண்ணு ஐயா மூன்றாம் எண்ணில் வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.